பூமி முழுவதும் பனியால் மூடிக் கிடந்தது, கடலின் வேதியியலே மாறியது என்கிறார்களே, வெறும் பாறையை வைத்து இதை எப்படிச் சொல்ல முடியும்? எல்லாம் ஊகம்தானே?

ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, 'அறுபது எழுபது கோடி வருஷத்துக்கு முன்னால் நடந்ததை யார் பார்த்தது' என்ற எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிலவியல் படித்தவன் நான். 'ஊகம்' என்ற சொல் சுடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதுகலை படித்தபோது இமாச்சலில் சோலன் பக்கம் பிளைனி என்ற பழைய பாறைப் படிவுகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். சாலையோர வெட்டில் கருஞ்சாம்பல் நிறப் பாறை. நைசான சேற்றுக்குள் கூழாங்கல்லும் பெருங்கல்லும் அளவுவாரியாகப் பிரியாமல் கலந்து கிடந்தன. டயமிக்டைட் என்போம். ஓடும் தண்ணீர் கற்களை அளவுவாரியாகப் பிரித்துவிடும், பனியாறு அப்படிப் பிரிக்காது. கூட வந்த நண்பன் விடவில்லை. "சார், மலைச்சரிவில் சேறு சரிந்தாலும் இப்படித்தானே இருக்கும்?" என்றான். ஆசிரியருக்குக் கோபமே வரவில்லை. "சரியான கேள்வி. இந்தக் கல்லை மட்டும் வைத்து நம்பாதே, மேலே என்ன இருக்கிறது பார்" என்றார்.

மேலே இளஞ்சிவப்பு டோலமைட், சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கார்பனேட் பாறை. மெல்லிய அடுக்குகளாக, சுத்தமாக. கார்பனேட் இப்படிப் படிவது பெரும்பாலும் வெதுவெதுப்பான கடலில். பனி கொண்டுவந்த குப்பைக்கு நேர் மேலே அது எப்படி வந்தது? நமீபியா, ஆஸ்திரேலியா, சீனா என்று எங்கெங்கோ இதே ஜோடி இருக்கிறது. அன்று அந்த எல்லைக்கோட்டில் கை வைத்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

இனி உங்கள் கேள்விக்கு. துருவத்தில் பனி இருந்ததில் அதிசயம் இல்லை, பூமத்திய ரேகைப் பக்கம் இருந்ததா என்பதுதான் விஷயம். அதற்குக் காந்தம் சாட்சி. படியும்போதே இரும்புத் தாதுத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தின் பக்கம் திரும்பிக்கொள்ளும்: துருவம் அருகே செங்குத்தாக, பூமத்திய ரேகை அருகே கிடையாக. தென் ஆஸ்திரேலியாவின் எலட்டினா என்ற பனிக்காலப் படிவுகளில் அந்தத் திசை ஏறக்குறைய கிடையாக இருந்தது. 'பின்னால் ஏறிய காந்தமாக இருக்கலாமே' என்று கேட்பார்கள் என்று தெரியும். அந்த வண்டல் கெட்டிப்படும் முன்பே மடிந்திருக்கிறது, காந்தத் திசையும் மடிப்போடு சேர்ந்து வளைந்திருக்கிறது. மடிந்த பிறகு ஏறியிருந்தால் ஒரே திசையில் நேராக நின்றிருக்கும். இதையெல்லாம் கோத்து 1992இல் ஜோசப் கிர்ஷ்விங்க் என்ற நிலவியலாளர் 'ஸ்னோபால் எர்த்' (பனிப்பந்து பூமி) என்று பெயர் வைத்தார். 1998இல் பால் ஹாஃப்மனும் டேனியல் ஷ்ராகும் சக ஆய்வாளர்களுடன் நமீபியப் பாறைகளை வைத்து அதை வலுப்படுத்தினார்கள்.

கடல் வேதியியல் மாறியதற்குச் சாட்சி சொல்ல இரும்பே போதும். இரும்புத் தாதுவும் சிலிக்காவும் மாறி மாறி அடுக்கான பட்டை இரும்புப் படிவுகள் சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றுபோனவை. நூறு கோடி ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, இந்தப் பனிக்காலத்தில் கனடாவின் ராபிட்டன் பாறைத் தொகுதியில் திரும்பி வருகின்றன. ஆக்சிஜன் இருந்தால் இரும்பு கரைந்து நிற்காது, உடனே துருவாகப் படிந்துவிடும். பனி மூடியதும் கடல் காற்றிலிருந்து துண்டிக்கப்பட்டு, கடலடி வெந்நீர் ஊற்றுகளின் இரும்பு கரைந்தே தேங்கியது. ஆக்சிஜன் திரும்பச் சேர்ந்த இடத்தில் அது படிந்தது. அந்த இரும்பு அடுக்குகளுக்குள்ளேயே மிதக்கும் பனியிலிருந்து விழுந்த கற்களும் இருக்கின்றன. அப்புறம் எரிமலைகள் விட்ட கார்பன் டை ஆக்சைடு. மழையில் பாறை சிதையும்போது வழக்கமாக அது உறிஞ்சப்படும்; நிலம் பனிக்கடியில் இருந்ததால் அது நடக்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, ஒருநாள் பனியை உருக்கியது. வெளிப்பட்ட நிலத்தை அமில மழை அரித்து, காரத்தன்மையையும் கால்சியத்தையும் கடலில் கொட்ட, கார்பனேட் படிந்தது. நான் தொட்ட டோலமைட்டும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

கருத்து எழுத வரும் நிபுணர்களுக்கு: கடல் முழுக்க உறைந்ததா, நடுவில் திறந்த நீர்ப்பட்டை மிஞ்சியதா என்ற சண்டை முடியவில்லை, தெரியும். பிளைனியின் வயதிலும் விவாதம் உண்டு. கார்பன் ஐசோடோப் சரிவுக்கும், அதாவது இந்தக் காலப் பாறைகளில் கனமான கார்பன் அணுக்களின் பங்கு குறைவதற்கும், வேறு விளக்கங்கள் இருக்கின்றன. ஆனால் 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது ஒன்று, 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது ஒன்று என்று இரண்டு பெரும் பனிக்காலங்கள் இருந்ததைச் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள சிர்க்கான் என்ற தாதுவின் வயதுகள் காட்டுகின்றன. அது ஊகம் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில் அடுக்கு அடுக்காக எண் எழுதிக் கொண்டுவந்த கற்கள் எங்கள் துறையின் அலமாரியில் இருந்தன. கட்டடம் புதுப்பித்தபோது இடிபாட்டோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஐசோடோப் பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டபோது கொடுக்க ஒரு துண்டுகூட இல்லை. எந்த உயரத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற பதிவேடும் போயிற்று. கேட்டதற்கு, "கல்தானே சார், வேறு எடுத்துக்கலாம்" என்றார்கள். நாங்கள் எடுத்த வெட்டுமுகத்தின் மேல்பகுதி இப்போது சாலை அகலப்படுத்தலில் சிமென்ட் சுவருக்குப் பின்னால் இருக்கிறது.