அம்மம்மாவின் கேக் கொப்பியை எப்படி வாசிப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மம்மாவின் கொப்பியில் நத்தார் ரிச் கேக் குறிப்பு இருக்கிறது. ரவை அரை இறாத்தல், பட்டர் அரை இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மஞ்சள் கரு 24, பிராந்தி ஒரு வைன் கிளாஸ். கடைசியில் 'பாண் எடுத்த பிறகு போறணை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். போன வருடம் செய்து பார்த்தேன். மேலே கருகிவிட்டது, உள்ளே நறநறவென்றிருந்தது. எங்கே பிழைத்தேன்?"

அளவில் நீங்கள் பிழைக்கவில்லை. கொப்பியில் எழுதாமல் விட்டதில்தான் பிழைத்தீர்கள்.

நறநறப்புக்குக் காரணம் ரவை. அந்தத் தலைமுறைக்கு இது சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை, அதனால் எழுதவில்லை. ரவையைத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுக்கவேண்டும். நிறம் மாறக்கூடாது. கையில் எடுத்தால் சுடச்சுட, மணல் போல் உதிரவேண்டும். அந்தச் சூடு ஆறுமுன்பே பட்டரைப் போட்டுக் கிளறி மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள், முன்பைவிட மிருதுவாக இருக்கும். அதற்குப் பிறகுதான் முட்டையும் சீனியும் அடிக்கத் தொடங்கவேண்டும்.

கருகியதற்குக் காரணம் சூடு. அந்நாளில் கேக் தட்டுகளைப் பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். பாண் எடுத்த பிறகு செங்கல் போறணை மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கும், கேக் அந்த இறங்கும் சூட்டில் வேகும். வீட்டு அவணோ ஒரே சூட்டில் நிற்கும். எனவே முதல் 40 நிமிடம் 150 பாகை செல்சியஸ், பிறகு 135 என்று நீங்களே இறக்குங்கள். விசிறி உள்ள அவண் என்றால் இரண்டிலும் 15 பாகை குறையுங்கள். தட்டின் அடியிலும் சுற்றிலும் பத்திரிகைத் தாள் நாலு மடிப்பு, அதன்மேல் எண்ணெய்த்தாள். இரண்டு மணி நேரம் கழிந்ததும் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர்க்கில் பச்சைக் கலவை வரக்கூடாது. கொஞ்சம் பிசுபிசுத்தால் பரவாயில்லை, இந்த கேக் அப்படித்தான்.

அளவுகளைக் கிராமுக்கு மாற்றுவது சுலபம். இறாத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28. வைன் கிளாஸ் என்பது பழைய அளவு, 60 மில்லிலீற்றருக்குக் கிட்ட வரும். இன்றைய கிளாஸை நிரப்பி ஊற்றினால் கேக் இறுகாது. முட்டையிலும் கவனம் வேண்டும். அவர்கள் உடைத்தவை சிறிய ஊர்க்கோழி முட்டைகள். ஒரு மஞ்சள் கரு 15 கிராம் என்று கணக்கிட்டு மொத்தம் 360 கிராம் நிறுத்து எடுங்கள். இன்றைய பெரிய பண்ணை முட்டையில் இருபதே போதும். அந்தக்கால டின் பட்டரில் உப்பு இருந்தது. உப்பில்லாத பட்டர் வாங்கினால் ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்க மறக்கவேண்டாம்.

முதல் தடவை கால் பங்கு மட்டும் செய்யுங்கள்: ரவை 57 கிராம், பட்டர் 57, சீனி 114, மஞ்சள் கரு 90. இந்த கேக்கில் சேர்க்கும் கஜு விற்கிற விலையில் முழுக் கேக்கையும் பரீட்சையாக்குவது நியாயமில்லை. சிறிய தட்டு சீக்கிரம் வெந்துவிடும், ஒரு மணி நேரத்திலேயே ஈர்க்கைப் போடுங்கள்.

கொப்பியையும் காப்பாற்றுங்கள். ஒட்டு நாடா வேண்டாம், அதன் பசை மஞ்சளித்துக் காகிதத்தைத் தின்னும். லமினேட் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. யன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். மங்கிய பென்சில் எழுத்தும் அப்போது தெரியும். பட்டர்க் கறை படிந்த பக்கங்களை முதலில் எடுங்கள், அடிக்கடி செய்த பலகாரங்கள் அங்கேதான் இருக்கும்.

அம்மம்மாவின் தங்கை வட்டுக்கோட்டையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தராசும் அரைக் கிலோ ரவையும் எடுத்துக்கொண்டு நத்தாருக்கு முன்பே போங்கள். "கைப்பிடி" என்று கொப்பியில் உள்ள இடங்களில் அவர் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லி, நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.