மேலே போன தொலைநோக்கிக்கு மென்பொருள்காரர் எதற்கு?

கேள்வி இதுதான்: புற ஊதாத் தொலைநோக்கியை விண்வெளிக்கு ஏவியாகிவிட்டது, இனி மென்பொருள் படித்தவருக்கு அதில் என்ன வேலை?

நான் எந்த விண்வெளித் திட்டத்திலும் இருந்தவன் அல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்தபோது இப்படியொரு தொலைநோக்கியின் தரவோடு மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான்.

புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். அதனால்தான் தொலைநோக்கி மேலே போகிறது. போன பிறகு அங்கே ஸ்பனர் எட்டாது, கோட் மட்டும்தான் எட்டும்.

நாசா 1999இல் ஏவிய ஃபியூஸ் என்ற புற ஊதாத் தொலைநோக்கியைப் பாருங்கள். அதைத் திசை திருப்ப நான்கு சுழல்சக்கரங்கள். மூன்று அச்சுகளையும் பிடிக்கக் குறைந்தது மூன்று ஓட வேண்டும். 2001 கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நின்றுவிட்டன. சக்கரங்களில் சேரும் அதிகச் சுழற்சியை இறக்கிவிட அதில் காந்தக் கம்பிகள் இருந்தன. அந்தக் கம்பிகளைப் பூமியின் காந்தப்புலத்தோடு மோதவிட்டு மூன்றாவது அச்சைப் பிடிக்கும்படி புது மென்பொருள் எழுதி மேலே அனுப்பினார்கள். ஏறத்தாழ இரண்டே மாதத்தில் தொலைநோக்கி மறுபடி வேலைக்கு வந்தது. 2004 டிசம்பரில் மூன்றாவது சக்கரமும் போனது. மிஞ்சிய ஒற்றைச் சக்கரத்தோடு 2007 ஜூலை வரை இழுத்தார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர். “இருக்கிறதை வைச்சு ஓட்டியிருக்கிறாங்கள், வேற என்ன செய்யிறது?” என்றார். ஆச்சரியப்படவே இல்லை.

தரையிலும் வேலை உண்டு. 2015இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாற் செயற்கைக்கோளின் புற ஊதா உணரி நொடிக்குச் சுமார் 29 படச் சட்டகங்கள் எடுக்கும். விழும் ஒவ்வொரு ஒளித்துகளின் இடமும் நேரமும் பதிவாகும். செயற்கைக்கோளோ மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். சட்டகங்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் விண்மீன்கள் ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடம் மாதிரித்தான் தெரியும். அசைவைக் கணித்து, துகள்களை அதனதன் இடத்துக்குத் தள்ள வேண்டும். நான் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டேன், புழு இரண்டு மடங்கு நீண்டது! குறியை மாற்றி ஓடவிட்ட இரவு கரண்ட் இல்லை. லப்டொப் பற்றரி 12 சதவீதத்துக்கு இறங்கியிருந்தபோது புழுக்கள் சுருண்டு புள்ளிகளாகின.

நீங்களும் தொடங்கலாம். பைதானும் கொஞ்சம் கணிதமும் போதும், தரவு இஸ்ரோ தளத்தில் பொதுவில் கிடக்கிறது. கோப்புகள் பெரியவை, நைட் டேட்டாவில் இறக்குங்கள்.