பழைய சிப்புகளின் கதை படிக்கும் பையனைத் தடுக்கலாமா?

அன்புள்ள அம்மா,

பையன் இ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான், ஆனால் ராத்திரியெல்லாம் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் எப்படி வந்தது, கம்ப்யூட்டர் எப்படி வளர்ந்தது என்றே படித்துக்கொண்டிருக்கிறான், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாகப் போடாது. ஆனாலும் தடுக்காதீர்கள். படிக்கிற விதத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிவிடலாம்.

1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது, 1957-இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான, தங்கள் முதலாளி ஷாக்லியோடு ஒத்துப்போகாமல் எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கியது, அவர்களில் நாய்ஸும் மூரும் 1968-இல் இன்டெல்லை ஆரம்பித்தது எல்லாம் சுவாரசியமான சங்கதிகள்தான். இவற்றை ஒப்பிப்பதற்கு எந்தக் கம்பெனியும் சம்பளம் தராது.

அதே ஆர்வத்தோடு 1971-இல் வந்த இன்டெல் 4004 என்ற மைக்ரோபிராசசர் (கணினியின் மூளையான) சிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்துக்குக் கால்குலேட்டர் செய்யப்போய் உருவானது அது. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்தான், ஒரு மாணவன் உட்கார்ந்து முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு. சர்க்யூட் வரைபடத்தை 2006-இல் இன்டெல்லே வெளியிட்டுவிட்டது. அந்தச் சிப், நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் 12 பிட் முகவரியை நான்கு நான்கு பிட்டாக மூன்று தவணையில் அனுப்பும். ஏன் அப்படி? வெளியே இணைக்கும் கால்கள், அதாவது பின்கள், மொத்தமே 16தான். மின்சாரம், கிளாக் சிக்னல் எல்லாம் போக முகவரிக்கும் தரவுக்கும் சேர்த்து மிஞ்சியது நான்கு. இது பிடிபட்டுவிட்டால், பாடத்தில் வரும் 8085 மைக்ரோபிராசசரில் தரவும் பாதி முகவரியும் ஏன் ஒரே எட்டுப் பின்களில் மாறி மாறிப் போகின்றன என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அப்புறம் 4004-ஐ வெரிலாக் என்ற சர்க்யூட் வடிவமைப்பு மொழியில் எழுதி, வேண்டிய சர்க்யூட்டாக மாற்றியமைக்கக்கூடிய சிப் உள்ள ஒரு எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஓட்டிக் காட்டினால், வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) வேலைக்கான இன்டர்வியூவில் பேச அவனிடம் சொந்தச் சரக்கு இருக்கும். யூடியூபில் கதை கேட்பதோடு நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சரி, வரலாறே தொழிலாக வேண்டும் என்று அவன் நின்றால்? வழி இருக்கிறது, குறுகலான வழி. எம்.ஐ.டி.யிலும், ஆரம்பகாலக் கணினியான எனியாக் உருவான பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் அறிவியல், தொழில்நுட்ப வரலாற்றில் பிஎச்.டி. செய்யலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பேபேஜ் இன்ஸ்டிடியூட் கணினி வரலாற்றுக்கென்றே இருக்கும் ஆவணக் காப்பகம். இந்த மாதிரி பிஎச்.டி. இடங்களில் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருவார்கள். ஆனால் படித்து முடித்த பிறகு பேராசிரியர் வேலைகள் மிகக் குறைவு. வீட்டை அடமானம் வைத்து இதில் மாஸ்டர்ஸ் படிக்க அனுப்புவதாக இருந்தால், வேண்டாம் என்றே சொல்வேன். அந்த முடிவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, முதலில் பி.இ. முடியட்டும்.

அரியர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால் அதுதான் முதல் வேலை. இல்லையென்றால், இந்த லீவில் 4004 பற்றி அவனையே இரண்டு பக்கம் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். படம் வரைந்து விளக்கியிருக்கிறானா என்று பார்க்கிறேன்.