மருந்து சேர்த்தால் மிசெல் என்ன ஆகும்? – கேள்வி பதில்

எம்.ஃபார்ம் மாணவி: மேடம், எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சோப்பு வகைப் பொருள்) கரைசலில் ப்ரோமெத்தசின் ஹைட்ரோகுளோரைடு என்ற மருந்தைச் சேர்த்தால் சி.எம்.சி. (மிசெல் உருவாகத் தொடங்கும் செறிவு) நன்றாக இறங்குகிறது. மருந்து மிசெலுக்குள் (சோப்பு மூலக்கூறுகள் நீரில் சேர்ந்து உருவாகும் திரளுக்குள்) போய்விட்டது என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். சி.எம்.சி. இறங்க இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, வெறும் உப்பின் வேலை. எஸ்.டி.எஸ்.ஸின் தலைகள் (மூலக்கூறின் நீரை விரும்பும் முனைகள்) எல்லாம் எதிர்மின் சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணிக்க எந்த நேர்மின் அயனி வந்தாலும் மிசெல் சீக்கிரமே உருவாகும். 25 டிகிரியில் தூய நீரில் 8.2 மில்லிமோலார் இருக்கும் சி.எம்.சி., 0.1 மோலார் சோடியம் குளோரைடு போட்டாலே 1.5 பக்கம் வந்துவிடும். இதில் மருந்தே கிடையாது.

இரண்டாவது, ப்ரோமெத்தசினின் அமைப்பு. நீரை வெறுக்கும் மூன்று வளையங்கள், ஒரு ஓரத்தில் நேர்மின் அமீன். குளோர்ப்ரோமசின், அமிட்ரிப்டிலின் எல்லாம் இதே வகைதான். அளவு கூடினால் இவை தாங்களே நீரில் திரளும். எஸ்.டி.எஸ். பக்கத்தில் இருந்தால் அதன் மூலக்கூறுகளுக்கு நடுவே நின்று கலப்பு மிசெல் கட்டும்.

எது எவ்வளவு என்று பிரிக்க, மருந்து எத்தனை மில்லிமோலாரோ அதே அளவு சோடியம் குளோரைடு போட்டு இன்னொரு வரிசை அளந்தாக வேண்டும். இந்த உப்பு பிளாங்க் (மருந்து இல்லாத ஒப்பீட்டு வரிசை) இல்லாமல் மருந்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. உப்பு இறக்கியது போக மிச்சம் இருந்தால் அதுதான் மருந்தின் கணக்கு.

அப்புறம், குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எதிரெதிர் சுமை என்பதால் சி.எம்.சி.க்குக் கீழே இரண்டும் ஜோடி சேர்ந்து வெள்ளையாகப் படியக்கூடும். எஸ்.டி.எஸ். கூடினால் மறுபடி கரைந்துவிடும்.

ஆராய்ச்சி மாணவர்: பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் எஸ்.டி.எஸ். போட்டதும் வெண்மையாகிவிட்டது. மருந்து படிகிறதா?

பதில்: மருந்தல்ல, பொட்டாசியம். பொட்டாசியம் டோடெசில் சல்பேட் அறை வெப்பநிலையில் சரியாகக் கரையாது. பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (சிறு வட்ட டி.என்.ஏ.) பிரித்தெடுக்கும்போது பொட்டாசியம் அசிடேட் ஊற்றியதும் வெள்ளையாகத் திரள்வதில் இதுவும் உண்டு. சோடியம் பஃபருக்கு மாறுங்கள்.

ஷாம்பு தயாரிப்பவர்: எஸ்.எல்.இ.எஸ்.ஸில் (ஷாம்புவில் நுரை தரும் சோப்பு வகைப் பொருள்) உப்பு போட்டால் கெட்டியாகிறது. இன்னும் கொஞ்சம் போட்டால் தண்ணியாகிவிடுகிறது. ஏன் மேடம்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உப்பு தலைகளின் தள்ளலைக் குறைத்ததும் தலைகள் நெருங்கி நிற்கும். உருண்டையாக இருந்த மிசெல் குச்சியாகி, பிறகு நீண்ட புழுவாகும். அவை இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக்கொள்வதால்தான் கெட்டியாகிறது. இன்னும் உப்பு போட்டால் புழுக்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணையும், அந்த இணைப்புகள் வழுக்கி நகரும், பிசுபிசுப்பு இறங்கும். ஆகவே உச்சத்துக்கு முன்பே நிறுத்துங்கள். மீறிவிட்டால் இன்னும் உப்பு போட்டு மீட்க முடியாது.

சி.டி.ஏ.பி.யில் (தலை நேர்மின் சுமை கொண்ட சோப்பு வகைப் பொருள்) இதையே சோடியம் சாலிசிலேட் மிகக் குறைந்த அளவிலேயே செய்துவிடும். சாதாரண உப்பின் குளோரைடு மிசெலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். சாலிசிலேட்டோ வளையத்தை உள்ளே செருகி, கார்பாக்சிலேட்டை நீர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு தலைகளுக்கு நடுவிலேயே உட்காரும். இரண்டையும் சில பத்து மில்லிமோலார் சம அளவில் கலந்து, குடுவையைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் குமிழ்கள் பின்னோக்கித் திரும்பும். நேரில் பார்க்க வேண்டிய காட்சி.

ஆய்வாளர்: முதல் பதிலை நான் ஏற்கவில்லை. மின்கடத்துத்திறன் வரைபடத்தில் முறிவு (சி.எம்.சி.யில் கோடு வளையும் இடம்) தெளிவாக இருக்கும்போது பிளாங்க் எதற்கு? பைரீனும் (மிசெலைக் காட்டப் போடும் ஒளிரும் பொருள்) அதே இடத்தைத்தான் காட்டுகிறது.

பதில்: முறிவு என்றால் அங்கே ஏதோ மாறுகிறது, அவ்வளவுதான். ஜோடி சேர்ந்து படிந்தது கரையத் தொடங்கும் இடத்திலும் கோடு வளையும். பைரீன் நீரை வெறுக்கும் எந்தத் திரளிலும் போய் ஒண்டிக்கொள்ளும், அது மருந்துத் திரளா கலப்பு மிசெலா என்று சொல்லாது.

ஆய்வாளர்: சரி, பரப்பு இழுவிசை வரைபடத்தில் சி.எம்.சி. அருகே ஒரு பள்ளம் விழுகிறதே? மருந்து பரப்பில் ஏறியதற்கு அதுவே சாட்சி இல்லையா?

பதில்: மருந்து சேர்க்காத எஸ்.டி.எஸ்.ஸிலும் அந்தப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தீர்களா? கரைசலை நாள்கணக்கில் வைத்தால் எஸ்.டி.எஸ். நீராற்பகுப்பில் உடைந்து டோடெகனால் தரும். அது பரப்பில் ஏறி இழுவிசையை இறக்கும், மிசெல் வந்ததும் உள்ளே போய்விடும். பள்ளம் அப்படித்தான் வருகிறது. மறுபடிகமாக்கிய எஸ்.டி.எஸ்.ஸில், அன்றைக்கே தயாரித்த கரைசலில், உப்பு பிளாங்க்கோடு அளந்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் பள்ளம் இருந்தால் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

எம்.எஸ்ஸி. மாணவர்: எனக்கும் எஸ்.டி.எஸ்.ஸும் அமிட்ரிப்டிலினும்தான். சி.எம்.சி. குறைகிறது, காரணம் என்ன?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். உப்பு பிளாங்க்.

மருந்து ஆலை ஊழியர்: பாலிசார்பேட் 80 (மிசெல் கட்டும் கரைப்பு உதவி) உள்ள சிரப்பில் பாராபென் (பதப்படுத்தி) சரியான அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் பூஞ்சை வருகிறது.

பதில்: பகுப்பாய்வு காட்டுவது மொத்த அளவை. கிருமியைத் தடுப்பது நீரில் தனியாக இருக்கும் பங்கு மட்டும். 5 சதவீதம் பாலிசார்பேட் 80 உள்ள நீரில் மெத்தில் பாராபெனில் கால் பங்குக்கும் குறைவாகவே வெளியே நிற்கும், ப்ரோப்பில் பாராபெனில் அதைவிட மிகக் குறைவு. மீதி மிசெலுக்குள். பாலிசார்பேட்டைக் குறைக்க முடியுமா பாருங்கள், இல்லையென்றால் வேறு பதப்படுத்தி. எதுவானாலும் முழுத் தயாரிப்பிலேயே கிருமி விட்டுச் சோதிக்க வேண்டும்.

செவிலியர்: பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை பி.வி.சி. பையில் ஏற்றக்கூடாது என்கிறார்களே?

பதில்: மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் க்ரெமோஃபோர் இ.எல்.தான் காரணம். அது பி.வி.சி.யை மென்மையாக்கும் டி.இ.எச்.பி.யைக் கரைத்து இழுத்துவிடும். கண்ணாடி அல்லது பாலிஓலெஃபின் பயன்படுத்துவார்கள். அளவு, வேகம் பற்றியெல்லாம் உங்கள் மருத்துவமனை மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

பி.எச்டி. மாணவி: 0.15 மோலார் சலைனில் எஸ்.டி.எஸ்., கூடவே மருந்து. மின்கடத்துத்திறனில் முறிவே தெரியவில்லை.

பதில்: தெரியாது. அவ்வளவு உப்பின் கடத்துத்திறனில் எஸ்.டி.எஸ்.ஸின் சிறு மாற்றம் மூழ்கிவிடும். பரப்பு இழுவிசைக்கு மாறுங்கள். 25 டிகிரியை விடாமல் பிடியுங்கள், குளிரவிட்டால் எஸ்.டி.எஸ்.ஸே படிகமாகிவிடும். சலைன் மட்டும் உள்ள வரிசையை முதலில் அளந்து முடியுங்கள், மருந்துப் புட்டியை அதற்கப்புறம் திறக்கலாம்.