எங்க ஊர் மீன் சங்கத்தப் பத்தி செமினார்ல பேசலாமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு குளச்சல் பக்கத்துல ஒரு கடற்கரை ஊரு. எம்பிஏ ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எங்க டிபார்ட்மென்ட்ல வெள்ளிக்கிழமை தோறும் செமினார் உண்டு. நிறுவனங்கள் எப்பிடி இயங்குது, ஒண்ணோட ஒண்ணு எப்பிடி சேந்து வேல செய்யுதுன்னு ஆளுக்கொரு தலைப்பு. எல்லாரும் நெட்ல எடுத்த பிபிடிய வாசிச்சுட்டு உக்காந்துருவாங்க, யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அடுத்த மாசம் என் முறை. எங்க ஊர் மீனவர் சங்கத்த எடுக்கலாம்னு சொன்னதுக்கு கூடப் படிக்கிறவங்க சிரிச்சாங்க, கைடு சாரும் "ஏதாவது பெரிய கம்பெனியா எடும்மா"ன்னுட்டார். அப்பா வள்ளத்துல போறாங்க, அம்மா மீன் விக்கிறாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சது இது மட்டும்தான். என்ன செய்யட்டும்?

பதில்: மக்ளே, சங்கத்தையே எடு. ஆனா எங்க ஊரு எவ்வளவு நல்ல ஊரு பாருங்கன்னு சொல்றதுக்காக எடுக்காத. உனக்கே விடை தெரியாத ஒரு கேள்வி அந்த சங்கத்துக்குள்ள இருக்கும், அதத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டு போ. செமினார்ங்கிறதே அதுக்குத்தான், தெரிஞ்சத ஒப்பிக்க இல்ல, தெரியாதத பத்துப் பேரு முன்னாடி வச்சு கூட யோசிக்க ஆள் சேக்கத்தான்.

மொதல்ல அந்த சிரிச்ச பிள்ளைங்க விஷயம். எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா, 2009-ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவங்க, அந்தப் பரிச வாங்கின முதல் பெண். அவங்க முனைவர் பட்டத்துக்கு எடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல நிலத்தடி நீர ஊர்க்காரங்க எப்பிடிப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு. பொறவு பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி கிராமம்னு உலகம் பூரா உள்ள ஊர்களப் பாத்தாங்க. அவங்களும் கணவர் வின்சென்ட்டும் 1973-ல இண்டியானா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு மையம் தொடங்கி, பல பாடத்துக்காரங்களயும் ஒரே மேசையில உக்கார வச்சு, அவங்கவங்க ஊர்ல பாத்தத சொல்ல வச்சு, அதுல இருந்துதான் அந்த சிந்தனைய கட்டினாங்க. அங்க மீன் சங்கம்னு சொன்னா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க.

அவங்க சொன்ன உதாரணத்துல ஒண்ணு உனக்கு ரொம்ப உதவும், துருக்கியில அலன்யான்னு ஒரு மீன்பிடி ஊரு, பெர்கெஸ்ங்கிற ஆய்வாளர் முதல்ல எழுதினத ஆஸ்ட்ரம் எடுத்துக்கிட்டாங்க. அங்க 1970-கள்ல நல்ல இடம் யாருக்குன்னு ஒரே சண்டை. கடைசியில அவங்களே உக்காந்து வல போடுற இடம் எல்லாத்துக்கும் பேரு வச்சு பட்டியல் போட்டாங்க, செப்டம்பர்ல சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு இடம், மறுநாள் ஒவ்வொருத்தரும் ஒரு இடம் கிழக்க நகரணும், ஜனவரி வரைக்கும் இப்பிடி, அதுக்கப்புறம் மே வரைக்கும் மேக்க நகரணும். இதுல அழகு என்னன்னா காவலுக்கு ஆளே வேண்டாம், நல்ல இடம் இன்னைக்கு யாருக்கோ அவரு விடியுறதுக்குள்ள அங்க போய் நிப்பாரு, வேற யாராவது வந்தா அவரே விட மாட்டாரு. விதிய மீறுறவன யார் பிடிப்பாங்கிற கேள்விக்கு, அந்த விதியால லாபம் உள்ளவனே பிடிப்பான்னு பதில். எந்த மேனேஜ்மென்ட் வகுப்புக்கும் இது போதுமான பாடம்.

இப்ப உங்க சங்கத்துக்கு வருவோம். உங்க சங்கம் சிஃப்ஸோட (SIFFS, தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பு) சேந்ததா தனியான்னு நீ எழுதல, சிஃப்ஸ் வழின்னா அதோட அமைப்பு மூணு அடுக்கு: ஊர்ல சங்கம், அதுக்கு மேல மாவட்ட கூட்டமைப்பு, அதுக்கும் மேல திருவனந்தபுரத்துல தலைமை, 1980-ல ஆரம்பிச்சது. எதுக்கு வந்துச்சுன்னு உங்க அப்பா வயசுக்காரங்களக் கேளு. வியாபாரி முன்பணம் குடுப்பாரு, வாங்கினவன் பிடிச்ச மீன அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே குடுக்கணும், கடன் தீரவே தீராது. சங்கம் வந்து என்ன மாத்திச்சுன்னா, கடனையும் மீன் விற்பனையையும் தானே கையில எடுத்துச்சு. கரையில சங்கமே ஏலம் போடும், வர்ற காசுல இவ்வளவு சதவீதம் கடனுக்கு, இவ்வளவு சேமிப்புக்குன்னு பிடிச்சுட்டு மிச்சத்த குடுக்கும். மீன் பட்ட அன்னைக்கு நெறைய அடையும், படாத அன்னைக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம். மாசம் அஞ்சாம் தேதி ஆனா தவணைன்னு நிக்கிற கடனுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சுப் பாரு, கடலோட குணம் தெரிஞ்சவங்க வகுத்த விதி அது.

வள்ளத்துல பங்குன்னு ஒண்ணு இருக்குல்லா, எண்ணெய்க் காசு கழிச்சு வள்ளத்துக்கு இவ்வளவு, வேலக்காரங்களுக்கு இவ்வளவுன்னு பிரிக்கிறது. ஏன் மாசச் சம்பளம் குடுக்கல? நடுக்கடல்ல யாரு நல்லா இழுக்கிறான்னு முதலாளி கூட நின்னு பாக்க முடியாது, மீன் படுமா படாதான்னும் யாருக்கும் தெரியாது, அதனால லாபத்தையும் நட்டத்தையும் சேந்து சுமக்கிறாங்க. இதையேதான் ரொனால்ட் கோஸ்ங்கிற பொருளாதார அறிஞர் 1937-ல வேற பக்கமா கேட்டாரு: சந்தையில எல்லாத்தையும் வாங்கிக்கலாம்னா கம்பெனின்னு ஒண்ணு எதுக்கு இருக்கணும்? விலை பேசவும், ஆள நம்பவும், கவனிக்கவும் ஆகுற செலவுதான் காரணம்னு சொன்னாரு, 1991-ல நோபல் கிடைச்சுது. அந்த யோசனையோட படிக்கிற காலத்துல அமெரிக்கா போய் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி எடங்கள்ல நேரா போய்க் கேட்டவரு அவரு. நீ சங்கத்து செக்ரட்டரிகிட்ட போய்க் கேக்கப் போறதும் அதே வேலதான். கைடு சார்கிட்ட இத சொல்லு, பெரிய கம்பெனி வேணும்னா கோஸையும் ஆஸ்ட்ரத்தையும் வச்சுக்கறேன் சார், உதாரணம் மட்டும் எங்க ஊருன்னு. ஒத்துக்குவாரு.

கேள்வி எதுன்னு நீயே கண்டுபிடிக்கணும், ஆனா உன் கடிதத்துலயே ஒண்ணு ஒளிஞ்சு கிடக்கு, அத நான் சொல்லாம இருக்க முடியல. அப்பா வள்ளத்துல போறாங்க, அம்மா மீன் விக்கிறாங்க. ஏலத்துல விலை ஏறினா அப்பாவுக்குக் கொள்ளாம், அம்மாவுக்கு? அதே கரையில ஏலம் எடுத்து தலச்சுமடா தக்கலைக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டு போய் விக்கிற பொம்பளைக்கு அன்னைக்கு லாபம் கொறையும், ஐஸ் வண்டியோட வர்ற பெரிய வியாபாரியோட மோதி எடுக்கணும். சங்கம் நல்லா வேல செஞ்சா ஒரே வீட்டுல ஒருத்தருக்கு ஏத்தம், ஒருத்தருக்கு எறக்கம். அப்ப சங்கம்ங்கிறது யாரோட சங்கம்? மீன் விக்கிற பொம்பளைங்க உங்க சங்கத்துல உறுப்பினரா, அவங்களுக்கு ஓட்டு இருக்கா, ஏல நேரம் வைக்கும்போது அவங்க பஸ் நேரத்த யாராவது கேட்டாங்களா? எனக்குத் தெரிஞ்சு நீ கேட்டா ஊர்லயே ரெண்டு விதமா பதில் வரும். அந்த ரெண்டு பதிலையும் அப்பிடியே கொண்டு போய் வகுப்புல வை. பிபிடி வாசிச்சுட்டு உக்கார வேண்டி வராது, பாத்துக்கோ.

அமைப்புகளுக்கு நடுவுல உள்ள ஒத்துழைப்புதான் தலைப்புன்னு சார் பிடிச்சா, நம்ம மாவட்டத்துலயே வேற உதாரணமும் கிடக்கு. மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. ஒரு மாவட்டம், ஒரு கலெக்டர், ரெண்டு கடல், ரெண்டு தேதி. அந்தப் பக்கம் விசைப்படகு நிக்கும்போது இந்தப் பக்கம் கடல்ல போகும், ஐஸ் கம்பெனிக்காரங்க, லாரிக்காரங்க, வலைக்காரங்க எப்பிடி நகர்றாங்கன்னு மட்டும் பாத்தாலே ஒரு செமினார் ஆகும்.

ஓக்கி புயல் இருக்கு. 2017 நவம்பர் 30. இத எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், உன் ஊர்ல, உன் சொந்தத்துல யாராவது திரும்பி வராதவங்க இருந்தா உனக்கு வேண்டாம் மக்ளே, வகுப்புக்காக அந்த ரணத்தக் கிளற வேண்டிய அவசியமே இல்ல. எடுக்கிற தெம்பு இருந்தா மட்டும் எடு. வானிலைத் துறை, மீன்வளத் துறை, கடலோரக் காவல்படை, கடற்படை, ரெண்டு மாநில அரசுன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா நாள்கணக்கா முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிட்ட தூத்தூர் பக்கத்து போட்டுக்காரங்களுக்கு கரையில இருந்த செய்தி போய்ச் சேரல. இதே மாதிரி சொல்லு போய்ச் சேராத கதை அமெரிக்காவுலயும் உண்டு: 1986 ஜனவரி 28-ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் போனாங்க, குளிருக்கு ரப்பர் வளையம் தாங்காதுன்னு முந்தின ராத்திரியே இன்ஜினியர்ங்க சொல்லியிருக்காங்க, போன்ல கூடிப் பேசியும் அந்தச் சொல்லு மேல எடுபடல. டயான் வான்ங்கிற சமூகவியலாளர் வருஷக்கணக்கா அதத் தோண்டிப் பாத்து, யாரும் வேணும்னு விதிய மீறல, சின்னச் சின்ன கோளாறு பழகிப் போச்சுன்னு எழுதினாங்க. தகவல் ஒரு எடத்துல இருந்தும் வேண்டிய எடத்துக்கு ஏன் போகலங்கிறது இந்தப் படிப்போட நடுநாயகமான கேள்வி. அத பதறாம, யாரையும் வில்லனாக்காம கேக்கணும், அதுக்கு மனசு வேணும்.

இனி, உங்க வகுப்புல யாரும் கேள்வி கேக்காத சங்கதி. அது சோம்பேறித்தனம்னு நான் நினைக்கல, பயம். ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆய்வாளர் 1990-கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து தப்பாக் குடுக்கிறதப் பத்தி ஆராய்ஞ்சாங்க, நல்லா ஒத்துழைக்கிற குழுவுல தப்பு கொறைவா இருக்கும்னு எதிர்பாத்தா, அங்கதான் அதிகமா பதிவாகியிருந்துச்சு. என்னடான்னு பாத்தா அவங்க அதிகமா தப்பு செய்யல, செஞ்சத பயப்படாம சொன்னாங்க. உங்க வகுப்புலயும் முன் வரிசையில ஹெச்ஓடி உக்காந்திருப்பாரு, கேள்வி கேட்டா இது கூடத் தெரியாதான்னு வந்துருமோன்னு பிள்ளைங்க வாயத் தொறக்காது. அத நீ ஒருத்தி மாத்த முடியாது, உன் வெள்ளிக்கிழமைய மட்டும் மாத்தலாம். ரெண்டு நாள் முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் வாட்ஸாப்புல போட்டுடு, கடைசி வரியில உன் கேள்விய வச்சு எனக்கு இதுக்கு விடை தெரியல, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெளிவா எழுது. நீயே தெரியலன்னு சொன்ன பொறவு மத்தவங்களுக்கு வாய் தொறக்க லேசா இருக்கும். சிரிச்சவங்கள்ல ஒருத்திய தேடிப் போய் நீ முதல் கேள்வி கேளுன்னு சொல்லு, நெஜமாத்தான் சொல்றேன், அவ அப்பா ரப்பர் தோட்டக்காரரா இருந்தா குலசேகரத்துல பால் வெட்டுறவங்க கூலி எப்பிடின்னு அவளே கொண்டு வருவா.

பேசுறது பதினஞ்சு நிமிஷம் போதும், மீதி எல்லாம் பேச்சுவார்த்தைக்கு விடு. ஸ்லைடு ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம், ஒண்ணுல ஒரு நாள் ஏலக் காசு எங்கெங்க போகுதுன்னு படம் போடு, அது எல்லாருக்கும் புரியும். இங்கிலீஷ்லதான் பேசணும்னு விதி இருந்தா பேசு, ஊர்ச் சொல்ல மட்டும் மாத்தாத, ஏலம் ஏலமாவே இருக்கட்டும், வள்ளம் வள்ளமாவே இருக்கட்டும்.

ஊர்ல கேக்கப் போகும்போது ஒண்ணு கவனம். இது காலேஜுக்குன்னு முதல்லயே சொல்லிரு, செக்ரட்டரிகிட்ட அனுமதி கேளு, கணக்கு நோட்டு காட்டினா பாரு, காட்டலன்னா வற்புறுத்தாத. யாருக்கு எவ்வளவு கடன், யார் சங்கத்த விட்டு வியாபாரிகிட்ட போனாங்கன்னு பேரு சொல்லி வகுப்புல பேசிராத, அங்க சொன்னது சாயங்காலம் ஊருக்கு வந்து சேந்துரும், அப்பா நாளைக்கும் அதே கரையிலதான் வள்ளம் எறக்கணும். அம்மாகிட்ட மட்டும் பைய உக்காந்து ரொம்ப நேரம் பேசு, ஏலத்துல எடுக்காம விட்ட நாள் ஏன் விட்டாங்கன்னு கேளு. சாருக்கு அந்த ஒரு பக்கத்த திங்கக்கிழமையே குடுத்துரு, மாத்தச் சொன்னா மாத்த நேரம் இருக்கும்.