வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. சென்னையில் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட். கல்லூரி நாளிலிருந்து புல்லட் ஓட்டுகிறேன். லீவு கிடைத்தால், நான் பறக்கப் படித்த ஃப்ளையிங் கிளப்புக்குப் போய்ச் சின்ன செஸ்னாவில் ஒரு மணி நேரமாவது பறந்துவிட்டு வருவேன். என்னைப் போலவே பைக்கும் குட்டி விமானமும் பிடித்த பைலட் நண்பர்கள் இரண்டு பேர். அதில் மூத்தவர் கேப்டன். அவர்தான் தேதி குறிப்பார். மாதம் ஒருமுறை ஏலகிரி, கொல்லிமலை என்று ரைடு போவோம். வெயில் ஏறுவதற்குள் ஹைவேயைப் பிடிக்க வேண்டும் என்பதால், நைட் டியூட்டி முடிந்ததும் ஏர்போர்ட் பார்க்கிங்கிலிருந்தே கிளம்பிவிடுவோம். போன மாதம் ஏலகிரிக்குப் போனோம். காலை ஐந்தரைக்குத் தரையிறங்கி, ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் டீ குடித்தோம். எங்களுக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஆசையாகப் பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி, இப்போது புல்லட்டை விற்றுவிடச் சொல்கிறாள். செஸ்னாவை எடுப்பதற்கு முன் பெட்ரோலை வடித்துப் பார்த்து, செக்லிஸ்ட் படித்து, ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்க்கிறவன் நான். ரிஸ்க்கைக் கணக்குப் போடுவதே என் தொழில். இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘ஏர்போர்ட் பார்க்கிங்கிலிருந்தே கிளம்பிவிடுவோம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், தம்பி. வெயிலுக்காகச் செய்த ஏற்பாடு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்? ‘போயிட்டு வரேன்’ என்றுதானே? நம் வீடுகளில் ‘போறேன்’ என்று யாரையும் சொல்ல விடமாட்டார்கள். சின்னப் பிள்ளை வாய் தவறிச் சொன்னால்கூடப் பாட்டி கூப்பிட்டுத் திருத்துவாள். அந்த ‘வரேன்’ என்கிற சொல்லை நம்பித்தான் உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். நீங்கள் பத்திரமாகத் தரையிறங்கினீர்கள். ஆனால் வீட்டு வாசலை மிதிக்காமல், மனைவி முகத்தைப் பார்க்காமல், குழந்தையைத் தூக்காமல், யூனிஃபார்மைக் கழற்றி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு 230 கிலோமீட்டர் தாண்டிப் போய்விட்டீர்கள். சொன்ன சொல் பாக்கி நிற்கிறது. அவளோடு சண்டை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? அந்தப் பார்க்கிங்கில்தான்.

ரிஸ்க்கைக் கணக்குப் போடுகிறவர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். வாருங்கள், போடுவோம். அன்று பகலில் கொஞ்சம் தூங்கியிருப்பீர்கள். ஏழு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் அது எவ்வளவு தூக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாலை நாலு மணிக்கு எழுந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். ஆம்பூர் வரும்போது காலை ஒன்பது ஆகியிருக்கும். பதினேழு மணி நேர விழிப்பு. அதில் பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை, எப்பேர்ப்பட்ட உடம்பும் துவண்டுபோகும் நேரத்தில் பெரும்பகுதி, காக்பிட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை கண் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதிவிட்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஒரு சொட்டு மது தொடக் கூடாது என்கிற விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர் நீங்கள். அந்த நிலையில்தான் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறியிருக்கிறீர்கள்.

எந்த ரோட்டில் போனீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். மணிக்கு 80-இல் போகிற புல்லட் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி கண் சொக்கினால் 44 மீட்டர். முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் அதற்குள் வந்துவிடும்.

செஸ்னா டேங்கிலிருந்து பெட்ரோலைச் சின்னக் குப்பியில் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறீர்கள். நல்ல பழக்கம். அன்று காலை பார்க்கிங்கில் புல்லட் கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பார்த்தீர்களா? பறக்கும் முன் பைலட் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய பட்டியல் ஒன்று உண்டு: நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, மனநிலை. ஐந்தாவது கேள்விக்கு அன்று என்ன பதில் வைத்திருந்தீர்கள்?

இந்தப் பித்து எனக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். பைக்கும் குட்டி விமானமும் ஒரே பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள். கிளென் கர்ட்டிஸ் என்கிற அமெரிக்கர் முதலில் பைக் செய்து விற்றவர். 1907-இல் ஃப்ளோரிடாக் கடற்கரையில், தானே செய்த எட்டு சிலிண்டர் எஞ்சினை ஒரு பைக்கில் பூட்டி மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று தான் வடிவமைத்த விமானத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் பறந்து பரிசு வாங்கினார். ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ கம்பெனி தொடங்கியதே விமான எஞ்சினில்தான். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமான எஞ்சின் செய்யக் கூடாது என்று தடை வந்த பிறகு, 1923-இல் அவர்கள் முதல் பைக்கை வெளியே கொண்டுவந்தார்கள். கார்க்காரருக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் இரண்டிலும் இருக்கிறது. திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும், உடம்போடு சேர்ந்து சாய வேண்டும். நூற்று எண்பது பேரை ஏற்றிக்கொண்டு பெரும்பகுதி நேரம் ஆட்டோபைலட்டில் போகிற விமானத்தில் அது கையில் தட்டுப்படாது. அதனால்தான் லீவு நாளில் செஸ்னாவைத் தேடி ஓடுகிறீர்கள். இந்த ஆசையை யார் பிடுங்கினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மனைவியே பிடுங்கினாலும்தான்.

ஆனால் ஓய்வைத் திருடிக்கொண்டு போய் ஆசையைத் தீர்த்துக்கொள்வது வேறு. பைலட்டுக்கு வாரம் 36 மணி நேரமாக இருந்த கட்டாய ஓய்வு 2025 ஜூலையில் 48 மணி நேரமானது. அதற்காக உங்கள் சங்கங்கள் நீதிமன்றம் வரை போயின. ‘களைத்துப் போகிறோம், இப்படியே போனால் பயணிகளுக்கு ஆபத்து’ என்று சொல்லித்தானே கேட்டீர்கள்? நாங்களும் நம்பித்தான் உங்கள் பக்கம் நின்றோம். கொடுத்த ஓய்வைச் சரியாகத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது பணியாளரின் பொறுப்பு என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அந்த ஓய்வுக்குள் பயணிகளுக்கும் பங்கு இருக்கிறது. ஏழு மாதமாக ராத்திரித் தூக்கம் காணாமல் கிடக்கிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது.

நான் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா கூட்ஸ் வண்டி டிரைவர். வாசலில் நின்றால் நீங்கள் போகிற அதே ஏலகிரிதான் தெரியும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு விடிகாலையில் அப்பா கரியும் எண்ணெயுமாக வருவார். குளித்துவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டதும் படுத்துவிடுவார். அம்மா ஜன்னலுக்குக் கோணியை நனைத்துக் கட்டிவிடுவாள். அடுத்த ‘கால்’, அதாவது டியூட்டிக்கு அழைப்பு, எப்போது வருமோ தெரியாது. கால் பாய் புத்தகத்தோடு வந்து கையெழுத்துக் கேட்டால் கிளம்ப வேண்டியதுதான். அதுவரை வீட்டில் ரேடியோ கிடையாது, அம்மி கிடையாது, பம்பரம் கிடையாது. தெருப் பையன்களைக்கூட அம்மா தள்ளிப் போய் விளையாடச் சொல்வாள். ‘அப்பா தூங்கலைன்னா எதிர் வண்டியில வர்றவங்க கதி என்ன?’ என்பாள். டிரைவர் வேலையில் பாதியை அவள்தான் பார்த்தாள் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். உங்கள் மனைவியும் அதைச் செய்யத் தயாராகத்தான் இருக்கிறாள். தூங்க வைக்க ஆள் வீட்டுக்கே வருவதில்லை.

இன்னொன்று. மூன்று பைலட்கள் அங்கே நின்றிருந்தீர்கள். ஒருவருக்குக்கூட ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று வாய் வரவில்லையே, ஏன்? தேதி குறித்தவர் கேப்டன் என்பதாலா? 1977-இல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்தின் மூத்த கேப்டன் அனுமதி கிடைக்காமலே கிளம்பினார். இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவரோடு காக்பிட்டில் இருந்த எஞ்சினியர் கேட்டார். கேப்டன் ஆமாம் என்றதும் அடங்கிவிட்டார். சந்தேகம் வந்தால் இளையவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பைலட்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நீங்களும் அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வேலைக்கு வந்தீர்கள். காக்பிட்டில் வருகிற வாய் பார்க்கிங்கில் ஏன் அடைத்துக்கொள்கிறது?

புல்லட்டை விற்க வேண்டாம். அவளிடம் போய், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல்தான் மலை ஏறினேன் என்று முதலில் உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் பேசாதீர்கள். ரைடிங் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் ஏர்போர்ட்டிலிருந்து எடுத்து வந்து வீட்டில் மாட்டுங்கள். இனி எந்த ரைடும் உங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

நைட் டியூட்டி முடிந்தால் நேராக வீடு. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, ‘வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டு, படுத்துத் தூங்குங்கள். எழுந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க அனுப்புங்கள். நாலு மணி நேரமானாலும் எழுப்பக் கூடாது. அன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கி, மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்தால் வெயிலுக்கு முன்னால் ஆம்பூர் தாண்டலாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். மலையில் தங்குகிற ரைடெல்லாம் குழந்தை நடக்கிற வரைக்கும் கிடையாது. பிள்ளை பெற்றவர்களுக்குச் சில வருஷங்கள் அப்படித்தான். இதில் உங்களுக்குச் சலுகை கொடுக்க எனக்கு மனமில்லை. செஸ்னாவுக்கும் இதேதான்.

அடுத்த ரோஸ்டர் வருவதற்குள் அந்தக் கேப்டனுக்குப் போன் போட்டு, ‘சார், டியூட்டி முடிஞ்ச அன்னைக்கு நான் வர மாட்டேன், மறுநாள் கிளம்பலாம்’ என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் சேர்ந்து போங்கள். மறுத்தால் அவர்கள் போகட்டும், நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.