பட்டா நிலத்தில் வளர்ந்த சீமைக்கருவையை அகற்றுவது யார் பொறுப்பு?

ஊரில் யாரும் இல்லாமல் தரிசாகக் கிடக்கும் பூர்வீக நிலத்தில் சீமைக்கருவையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, அந்தச் செலவை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கும் வரை அதில் முளைத்திருப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. இது நேற்று வந்த கெடுபிடியும் அன்று. 1919-லேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம், தீங்கான களை என்று அரசு அறிவித்ததை நிலத்துக்காரர் அகற்றாவிட்டால் அதிகாரியே ஆள் வைத்து அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்க வழி செய்திருந்தது.

நோட்டீஸ் எந்தப் பிரிவின்கீழ் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கோட்டாட்சியர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) அனுப்பியிருந்தால், குறித்த நாளில் ஆஜராகி ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகாமல் இருந்துவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும்.

எங்களுக்கு 2017-இல் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றச் சொல்லி அடுத்தடுத்து உத்தரவிட்ட காலம் அது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது வேறு கதை. பரமக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் புஞ்சையைக் கரிமூட்டம் போடுபவர் ஒருவர் காசு வாங்காமலே வெட்டித் தருவதாகச் சொன்னதும், செலவு மிச்சம் என்று சித்தப்பா தலையாட்டிவிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தரையோடு வெட்டிய கருவை அடுத்த மழைக்கே தூரைச் சுற்றி விரல் தடிமனில் கொத்தாகத் துளிர்த்து, முன்பு ஆள் நுழைய முடிந்த இடத்தில் ஆடுகூட நுழைய முடியாதபடி அடைத்துக்கொள்ளும் என்பதைப் பக்கத்துப் புஞ்சையில் கண்ணால் பார்த்திருந்தேன். விறகை எடுத்துக்கொள்ளுங்கள், தூரையும் தோண்டி எடுங்கள் என்று பேசி முடித்தோம். அவரால் முடியாத பெரிய தூர்களுக்கு ஜேசிபி வாடகையை நாங்கள் கொடுத்தோம்.

வெட்டத் தொடங்கும் முன் நாட்டுக் கருவேல மரங்களுக்குத் துணி கட்டி வைத்தேன். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக்கருவையின் பூ நீண்ட கதிராக இருக்கும். கணக்கெடுக்க வந்த ஊழியர் இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்தார்.

கரிமூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விறகு அவர்களுக்குத்தான் போயிற்று. நிலத்தடி நீரை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. எனக்கு ஆறாத ஒன்று, எங்கள் வரப்பை ஒட்டிய அரசுக் கண்மாய். உள்வாயிலும் கரையிலும் கருவை மண்டிக் கிடக்க, அதன் காயைத் தின்ற ஆடுமாடுகள் எங்கள் புஞ்சையில் சாணத்தோடு விதையையும் போட்டுவிட்டுப் போகின்றன. எங்களுக்குக் கெடு விதித்த அலுவலகம் அந்தக் கண்மாய்க்கு யாரிடமும் கெடு கேட்டதாகத் தெரியவில்லை. அயல் தாவரங்களை அகற்ற அரசு 2022-இல் கொள்கையே வெளியிட்டது. எங்கள் கண்மாய் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும், மண் ஈரமாக இருக்கும்போதே கன்றுகளை வேரோடு பிடுங்க ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நோட்டீஸுக்கு எழுதும் பதிலில், அருகில் புறம்போக்கோ கண்மாயோ இருந்தால் அதன் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு, அங்கே எப்போது அகற்றப்படும் என்று கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.